குண்டை அளந்த பெஞ்சமின் ராபின்ஸ்

உலகில் படைக்கலம் தோன்றிய நாளிலேயே அதனைத் தடுக்கும் கருவியும் தோன்றியது. வாளுக்குக் கேடயமும், அம்புக்குக் கவசமும், யானைப் படைக்கு அகழியும், பீரங்கிக்குக் கோட்டை மதிலும் எதிர் நின்றன. எய்தவனுடைய பெயரை வரலாறு பொறித்து வைக்கும். மதிலின் பின்னே ஒதுங்கி உயிர் பிழைத்தவனுடைய பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும், துப்பாக்கியினின்று புறப்பட்ட குண்டு எத்துணை விரைவாய்ச் செல்கின்றது, எதிர்ப்பட்ட பொருளில் எவ்வளவு ஆழம் புகுகின்றது என்பவற்றை முறையாக அளந்து கூறிய அறிஞர் ஒருவர், நம் தமிழ்க் கடற்கரையில் கோட்டை ஒன்றைச் செப்பஞ்செய்ய வந்து, இங்கேயே உயிர் நீத்தார் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். அவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் குண்டையும் மதிலையும் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். யான் பிறந்த ஊர் ஆரணி. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி அன்று. பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றங்கரையில் உள்ள சிற்றூர். அங்கே என் பாட்டியார் வீட்டின் பின்கட்டில் பழைய மண்சுவர் ஒன்று உண்டு. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, மண்ணோடு சேர்த்து மிதித்துக் கட்டிய சுவர் அது. ஒரு மழைக்காலத்தில் அச்சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. இன்று விழும், நாளை விழும் என்று நாங்கள் அஞ்சியிருக்க, அது விழவேயில்லை. அருகிற் சென்று பார்த்தேன். பிளவின் இருபுறத்தையும் வைக்கோல் தாள்கள் பற்றிக்கொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மாமா அதனைக் கண்டு, இதே வேலையைத்தான் ஆலைத் தளங்களில் காங்கிரீட்டோடு கலக்கும் எஃகுக் கம்பித் துணுக்குகள் செய்கின்றன என்றும், துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் சுவர்களும் இம்முறையில் ஆக்கப்படுகின்றன என்றும் கூறினார். குண்டைச் சுவர் தாங்குவது எங்ஙனம் என்ற வினா அன்று என் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவின் வேரைத் தேடிச் சென்றபோதுதான் ராபின்ஸ் என்னும் பெயரைக் கண்டேன்.

ராபின்ஸ் 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பாத் நகரிற் பிறந்தார். பெற்றோர் செல்வர் அல்லர். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சேர்ந்தவர். அச்சபையார் போரை அறவே விலக்கியவர். படைக்கலம் ஏந்துதல் கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்பது அவர்தம் உறுதி. அத்தகைய குடியிற் பிறந்த மைந்தர், பின்னாளில் பீரங்கிக் கலைக்கே கணித நூல் வகுத்தார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்க முரண்பாடாகும். இதனைக் கட்டுரையின் முடிவில் மீண்டும் நோக்குவோம்.

இளமையிலேயே கணிதத்தில் அவருக்கு இருந்த ஆற்றல் பிறர் கண்ணிற் பட்டது. அவர் எழுதிய கணிதத் தாள் ஒன்று இலண்டனில் வாழ்ந்த ஹென்றி பெம்பர்ட்டன் என்பாரிடம் காட்டப்பெற்றது. பெம்பர்ட்டன், நியூட்டனுடைய பெருநூலின் மூன்றாம் பதிப்பைப் பார்வையிட்டு வெளியிட்டவர். அவர் ஊக்கத்தால் ராபின்ஸ் இலண்டன் சென்று, நியூட்டன் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1727-ஆம் ஆண்டில், தம் இருபதாம் அகவையில், இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை நம்போன்ற மாணவர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

அடுத்த ஆண்டில், ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றிருந்த ஜோகான் பெர்னூலியின் கருத்தொன்றை மறுத்து எழுதினார். ஒரு பொருள் மற்றொரு பொருளோடு மோதும்போது இயக்கம் எவ்வாறு கைமாறுகின்றது என்பதே அவ்வாதத்தின் பொருள். மோதல் என்னும் இவ்வொரு வினாவே அவருடைய வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்து வந்தது. இளமையில் அதனைத் தாளில் ஆராய்ந்தார். நடுவயதில் ஈயக் குண்டையும் மரப்பலகையையும் கொண்டு ஆராய்ந்தார். இறுதியில் கோட்டை மதிலைக் கொண்டு ஆராய முற்பட்டார்.

இலண்டனில் அவர் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். ஆயினும் ஓரிடத்தில் அமர்ந்து பாடஞ்சொல்லும் வாழ்க்கை அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. ஆலைகள், பாலங்கள், துறைமுகங்கள், சதுப்பு நிலத்தில் நீர் வடித்தல் முதலிய பொறியியற் பணிகளில் நாட்டம் சென்றது. பிளாண்டர்ஸ் நாட்டுக் கோட்டைகளை நேரிற் சென்று பார்த்தார். இக்காலத்தே குவேக்கருக்குரிய எளிய உடையையும் ஒழுங்கையும் அவர் விட்டுவிட்டார்.

1741-ஆம் ஆண்டில் உல்விச் என்னும் இடத்தில் படைத்துறைக் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. அதன் கணிதப் பேராசிரியர் பதவியை ராபின்ஸ் நாடினார். ஆனால் அரசியல் துண்டறிக்கைகளால் அமைச்சர் வால்போலின் கட்சியாரைப் பகைத்துக்கொண்டவர் அவர். அப்பதவி வேறொருவருக்குக் கிடைத்தது. மனமுடைந்து ஓய்ந்துவிடாமல், வகுப்பிற் சொல்லக் கருதியிருந்த கருத்துக்களை நூலாக்கி, 1742-ஆம் ஆண்டில் பீரங்கிக் கலையின் புதிய நெறிகள் என்னும் பொருள்படும் பெயரோடு வெளியிட்டார். மறுக்கப்பட்ட பதவியினும் அந்நூல் அவருக்கு மிகுந்த புகழைத் தேடித் தந்தது.

அந்நூலின் பெருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். கலிலியோவின் காலந்தொட்டு, எறியப்பட்ட குண்டு பரவளைவு என்னும் ஒழுங்கான வளைவில் செல்லும் என்றே நூலோர் எழுதி வந்தனர். காற்றின் தடை மிகச் சிறிது, அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்று பலர் கருதினர். குண்டின் விரைவு என்ன என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. கண்ணுக்குப் புலப்படாது மறையும் ஒன்றை எங்ஙனம் அளப்பது?

ராபின்ஸ் அதற்கு ஓர் எளிய கருவி கண்டார். மூன்று கால்களின் நடுவே, இரும்பாற் செய்து முகப்பில் தடித்த மரப்பலகை பதித்த ஊசலொன்றைத் தொங்கவிட்டார். அதன் எடை ஏறத்தாழ 56 பவுண்டு. ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையும் முக்கால் அங்குலக் குறுக்களவும் உடைய ஈயக் குண்டை அதன்மேற் சுட்டார். குண்டு மரத்திற் புகுந்து அங்கேயே தங்கிவிடும். தன் இயக்கம் முழுவதையும் ஊசலுக்குக் கொடுத்துவிடும். ஊசல் மெல்லப் பின்னே செல்லும். ஊசலின் அடியிற் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தால், ஊசல் சென்ற தூரம் விளங்கும். அதனின்று ஊசலின் விரைவும், அதனின்று குண்டின் விரைவும் கணக்கில் வரும்.

எடை விகிதம் ஏறத்தாழ 670-க்கு ஒன்று. ஆகவே நொடிக்கு 1,600 அடி பறக்கும் குண்டும், அவ்வூசலைத் தோராயமாக நொடிக்கு இரண்டரை அடி வேகத்திலேயே அசைக்கும். கண்ணாற் காண இயலாத விரைவு இங்ஙனம் கையால் அளக்கத்தக்க அசைவாயிற்று. துப்பாக்கிக் குண்டு அத்தகைய விரைவில்தான் செல்கின்றது என்று அவர் கண்டார். இன்றைய அளவில் அது நொடிக்கு ஏறத்தாழ 490 மீட்டர், ஒலியினும் விரைவு.

ஊசலை வெவ்வேறு தொலைவில் வைத்துச் சுட்டபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. சிறிது தூரம் செல்வதற்குள்ளேயே குண்டு தன் விரைவிற் குறிப்பிடத்தக்க பங்கை இழந்துவிடுகின்றது. காற்றின் தடை குண்டின் எடையைப் போலப் பன்மடங்காய் இருந்தது. குண்டின் விரைவு ஒலியின் விரைவை நெருங்கும் இடத்தில் அத்தடை எதிர்பாராத வகையில் மிகுவதையும் அவர் குறித்தார். வானூர்திகள் ஒலியின் விரைவைக் கடக்க முற்பட்டபோது இருபதாம் நூற்றாண்டுப் பொறியாளரை அலைக்கழித்த தடையை, ஒரு மரப்பலகையைக் கொண்டு அவர் முன்னரே கண்டுவிட்டார்.

குண்டு நேரே செல்லாமல் பக்கவாட்டில் விலகுவது ஏன் என்ற வினாவுக்கும் விடை தேடினார். சுழன்றுகொண்டே செல்லும் குண்டைக் காற்று ஒருபக்கம் தள்ளுகின்றது என்பது அவர் கருத்து. இதனை மெய்ப்பிக்க, ஒரு துப்பாக்கியின் குழாய் நுனியை இடப்பக்கம் சற்றே வளைத்தார். வழியில் மெல்லிய தாள் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பிறகு வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. நூறாண்டுக்குப் பின்னர் 1852-இல் மாக்னஸ் என்னும் செர்மானியர் இதனை விரித்து ஆராய்ந்தமையால் அவ்விளைவு அவர் பெயரால் வழங்குகின்றது. துடுப்பாட்டப் பந்து காற்றில் விலகிச் செல்வதைக் கண்டு மகிழும் நம் மாணவர், அதனை முதலில் ஆய்ந்தோருள் ராபின்ஸும் ஒருவர் என்பதை நினைத்தல் தகும். குழாயின் உட்புறத்தே திருகுபோல் வரி வெட்டிய துப்பாக்கியே எதிர்காலத்தில் வெல்லும் என்றும் 1747-இல் அவர் எடுத்துரைத்தார். அடுத்த நூற்றாண்டில் அவ்வாறே நிகழ்ந்தது.

நம் கட்டுரைக்கு மிக இன்றியமையாதது, பொருளினுள் குண்டு புகுதலைப் பற்றி அவர் கூறிய விதி. மரமோ மண்ணோ குண்டுக்குக் காட்டும் தடை, புகும் வழி முழுதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் எனக் கொண்டார். அங்ஙனமாயின் புகும் ஆழம் விரைவின் இருமடிக்கு ஏற்ப அமையும். விரைவு இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்காகும். இவ்விதியை ஆய்லர் என்னும் பெருங்கணிதர் விரித்துரைத்தார். ஆகையால் இன்றும் ஆராய்ச்சியாளர் இருவர் பெயரையும் சேர்த்தே அதனை வழங்குவர். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். ஆயினும், மதிலைக் கட்டுமுன் குண்டைக் கணக்கிட வேண்டும் என்னும் நெறி அங்கிருந்தே தொடங்குகின்றது.

ஆய்லர் ராபின்ஸின் நூலை 1745-இல் செர்மன் மொழியிற் பெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு விரிந்த உரை எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ராபின்ஸ் ஆய்லரின் நூலொன்றைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். அதனை மனத்திற் கொள்ளாமல் மாற்றாரின் அறிவை மதித்துப் போற்றிய ஆய்லரின் பெருந்தன்மை, கற்றோர் யாவரும் பின்பற்றத்தக்கது. 1746-ஆம் ஆண்டில் இராயல் சங்கம் தன் உயரிய பரிசாகிய காப்லே பதக்கத்தை ராபின்ஸுக்கு வழங்கியது. பிரெஞ்சு மொழியில் 1783-இல் அந்நூலைப் பெயர்த்த லொம்பார் என்பார் ஒசோன் நகரப் பீரங்கிப் பள்ளியின் ஆசிரியர். இளைஞனாகிய நெப்போலியன் பயின்ற பள்ளி அது.

இத்துணைப் புகழ் பெற்றும் அவருக்கு நிலையான பதவி அமையவில்லை. உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தலைவர் ஆன்சனின் பயண வரலாறு 1748-இல் வெளிவந்தது. அதனை ஆக்கியதில் ராபின்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆன்சனின் நட்பால் இரண்டு வாய்ப்புக்கள் வந்தன. ஒன்று, வட அமெரிக்க எல்லைத் தகராறு பற்றிப் பாரிஸ் நகரிற் பேசச் செல்வது. மற்றொன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்குச் செல்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

கம்பெனிக்கு அப்பொழுது பொறியாளர் தேவைப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைச் சில நாட்களிலேயே கைப்பற்றினர். அதன் மதில்கள் பீரங்கியைத் தாங்கும் வலிமையற்றவை என்பது அன்று வெளியாயிற்று. 1748-இல் செய்த உடன்படிக்கையின்படி அக்கோட்டை அடுத்த ஆண்டிலேயே திரும்பக் கிடைத்தது. இடைக்காலத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையே இக்கடற்கரையில் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. இரண்டையும் வலுப்படுத்துதல் ராபின்ஸின் கடமை.

1749 இறுதியிற் கப்பலேறிய அவர், இடர்கள் பல கடந்து 1750 சூலையில் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். அவ்வூரின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. 1690-இல் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து அக்கோட்டையை வாங்கியபோது, கோட்டையினின்று நாற்புறமும் சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரையுள்ள நிலமும் அவர்களுடையது என்று பேசிக்கொண்டனர். குண்டு சென்று விழுந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று. குண்டு எத்துணைத் தூரம் செல்லும் என்பதை அன்று ஒருவரும் கணிக்க இயலாது. சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். அவ்வாறு எல்லை வகுத்த மண்ணில் அறுபது ஆண்டு கழித்து, குண்டின் பறப்பைக் கணக்கில் அடக்கிய அறிஞர் வந்து இறங்கினார்.

வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் அவரைப் பற்றியது. சிறிது தேறி, கோட்டைகளைச் சீரமைக்கும் வரைபடங்களை வகுத்தார். நம் நாட்டு வெயிலும் நோயும் அவர் உடலை விட்டபாடில்லை. 1751 சூலை 29-ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் அகவையில், தேவனாம்பட்டினத்தில் அவர் உயிர் பிரிந்தது. கம்பெனியாருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே, எழுதுகோல் கையிலிருக்க அவர் இறந்தார் என்பர். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய நூல்களை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

அவர் இறந்து ஏழாண்டில், 1758 சூனில், பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தகர்த்தான். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையையும் முற்றுகையிட்டான். இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு பொறியாளரால் வலுப்படுத்தப்பட்டிருந்த புனித ஜார்ஜ் கோட்டை இரண்டு திங்களுக்கு மேல் தாங்கி நின்றது. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. அம்மதில் நம் மக்களைக் காக்க எழுந்ததன்று. வாணிகக் கம்பெனியொன்றின் பண்டகசாலையையும் படையையும் காக்க எழுந்தது. பின்னர் நம் நாட்டை ஆண்டது அம்மதிலின் பின்னிருந்த கம்பெனியே. இதனை மறைத்து ராபின்ஸைப் புகழ்வது நேர்மையாகாது.

இனி, அவர் விட்டுச் சென்ற வினாவை இன்றைய அறிவின் துணையோடு காண்போம். இக்காலத்துத் துப்பாக்கிக் குண்டு ராபின்ஸ் சுட்ட குண்டினும் சிறியது. குறுக்களவு ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி, எடை பத்துக் கிராமுக்குக் குறைவு. விரைவோ நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். கணக்கிட்டுப் பார்த்தால், பழைய ஈயக் குண்டின் ஆற்றல் இதனினும் குறைந்ததன்று. ஆனால் பழைய குண்டு அகன்றது, மெத்தென்றது. புதிய குண்டு தன் ஆற்றலை அதில் ஆறிலொரு பங்கு பரப்பிற் குவிக்கின்றது. சிலவற்றின் உள்ளே எஃகும் உண்டு. ஆகையால்தான் அது ஆழமாகத் துளைக்கின்றது.

கற்காரை எனப்படும் காங்கிரீட், அமுக்கத்தைப் பெரிதும் தாங்கும். இழுவையை அதிற் பத்திலொரு பங்கே தாங்கும். குண்டு பட்டவுடன் அமுக்க அலையொன்று சுவரினுள் நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் விரைவில் ஓடுகின்றது. பத்துச் சென்டிமீட்டர்ச் சுவரை அது ஒரு நொடியில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். அதற்குள் குண்டு இரண்டு சென்டிமீட்டர் தூரமும் புகுந்திராது. பின்முகத்தை எட்டிய அலை அங்கிருந்து இழுவை அலையாய்த் திரும்புகின்றது. இழுவையைத் தாங்கமாட்டாத காங்கிரீட் பின்புறத்தே பெயர்ந்து சில்லுகளாய்ச் சிதறுகின்றது. இதனால், குண்டு சுவரைத் துளைக்காமல் நடுவிலேயே நின்றுவிட்டாலும், சுவரின் பின்னே நின்றவன் அச்சில்லுகளால் மாளலாம். பழங்காலக் கடற்போரிலும் இதே கதைதான்: கப்பலின் பலகையைத் துளைத்த குண்டினும், அது தெறிக்கவிட்ட மரச் சிம்புகளே பலரைக் கொன்றன.

நாரிழை கலந்த காங்கிரீட் இங்கேதான் துணைசெய்கின்றது. மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அளவான பருமனும் உடைய எஃகு இழைகள், பெரும்பாலும் நுனி வளைந்தவை, கலவையோடு சேர்க்கப்படுகின்றன. கன அளவில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்திற் சேர்த்தால், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 78 கிலோ இழை வேண்டும். சிறிய இழையாயின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டும். காங்கிரீட் பிளக்கும்போது ஒவ்வொரு பிளவையும் பல இழைகள் குறுக்கே பற்றுகின்றன. பிளவு விரிய வேண்டுமாயின் அவ்விழைகளைக் காங்கிரீட்டினின்று உருவியெடுத்தாக வேண்டும். அங்ஙனம் உருவுவதிலேயே குண்டு தந்த ஆற்றல் பெரிதும் செலவாகின்றது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. இழைகள் சேர்ப்பதால் குண்டு புகும் ஆழம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆழத்தைக் குறைப்பது காங்கிரீட்டின் வன்மையும் அதிலுள்ள சல்லியின் கடினமுமே. இழைகள் குறைப்பது முன்முகத்துக் குழியின் அகலத்தையும், பின்முகத்துச் சிதறலையும். அவை சுவரை ஒன்றாய் வைத்திருக்கின்றன. அதனால் இரண்டாம் குண்டும் மூன்றாம் குண்டும் படும்போது சுவர் எஞ்சி நிற்கின்றது. ராபின்ஸ் முன்புறத்திலிருந்து நோக்கி, குண்டு எவ்வளவு ஆழம் புகும் என்று கேட்டார். பின்புறத்தில் நிற்பவனுக்கு என்ன நேரும் என்பது இழையின் வினா. இரண்டுக்கும் விடை கண்டாலன்றிக் காப்பு நிறைவெய்தாது.

சுடும் பயிற்சிக் களங்களுக்கென வேறொரு வகையும் உண்டு. நுரை கலந்து இலேசாக்கிய காங்கிரீட்டில் இழைகளைச் சேர்த்து, குண்டு தெறித்து மீளாமல் உள்ளே புகுந்து தங்கும்படி செய்கின்றனர். குண்டை ஏற்றுத் தன்னுள்ளே வைத்துக்கொண்ட ராபின்ஸின் ஊசற் பலகைக்கு இது நெருங்கிய உறவு.

இழை சேர்க்கும் கலை புதியதன்று. எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல்லுக்கு வைக்கோல் தேடி அலைந்ததை நாம் வேதத்திற் படித்திருக்கிறோம். ஆரணியாறு சென்று கலக்கும் பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சல் சுண்ணாம்பாயிற்று. அக்கரையிலேயே 1613-இல் எழுந்த டச்சுக்காரர் கோட்டையில் வெடிமருந்துச் சாலையும் இருந்தது. சுவருக்குரிய பொருளும் அதனைத் தகர்க்கும் பொருளும் ஒரே ஏரிக்கரையில் ஆயின. நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்த இழையின் பயனைக் கணக்கினால் அறியும் முயற்சி 1960-களில் வலுப்பெற்றது. இன்று சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் நாரிழைக் காங்கிரீட்டை ஆராய்ந்து வருகின்றது.

முன்னே நிறுத்திவைத்த முரண்பாட்டுக்கு வருவோம். போரை விலக்கிய பெற்றோரின் மகன் குண்டை அளந்தது அறமா? அவருடைய கணக்கு பீரங்கிகளைக் கொடியனவாக்கியது என்பதில் ஐயமில்லை. திருகுவரித் துப்பாக்கியை அவர் போற்றியதும் கொல்லும் தொழிலுக்கே துணையாயிற்று. அதே கணக்கைக் கொண்டுதான் இன்று காவற்சாவடியிலும் புகலிடத்திலும் உயிர் காக்கும் சுவர்கள் எழுகின்றன. அறிவு தானே ஒரு பக்கம் சேர்வதில்லை. அதனைக் கையிற் கொண்டவர் சேர்க்கும் பக்கத்தில் சேர்கின்றது. ராபின்ஸ் வாழ்நாளிற் பெரும்பகுதி எய்பவர் பக்கம் நின்றார். கடைசி ஆண்டில் மதிலின் பக்கம் வந்தார். அதுவும் ஒரு கம்பெனியின் மதில். அவர் பெற்றோர் அவரை ஒப்பியிருப்பாரோ, யான் அறியேன். ஆனால் பொறியியலும் வேதியியலும் கற்கும் நம் கல்லூரி நண்பர் ஒவ்வொருவரும், தம் கணக்கு எவர் கையிற் சேரும் என்று ஒருமுறையேனும் தம்மைக் கேட்டுக்கொள்ளுதல் கடனாகும்.

கடலூர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள், தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் கரையிலே எஞ்சியுள்ள கோட்டைச் சிதைவைக் கண்டுவருதல் நன்று. ஆங்கே வலியதொரு மதிலைக் கட்ட வந்தவர், அது எழுவதைக் காணாமலே கண்மூடினார். ஆரணியிலோ, கணக்கு ஒன்றும் அறியாத கைகள் மிதித்துக் கட்டிய எங்கள் மண்சுவர், பிளவோடு இன்றும் நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியை ராபின்ஸ் தொடங்கி வைத்தார். அதில் இன்னும் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கின்றது.